வீடற்றவருக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா?
தமிழக-கேரள எல்லையான வாளையாரில் பேருந்து நிறுத்தத்தில் படுத்துறங்கும் ஒருவருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் பதிவான ஊரகப் பகுதி வீடற்ற குடும்பங்களும் பிச்சையெடுத்துப் பிழைப்போரும் தாமாகவே தகுதி பெறுகின்றனர். சாலையோரம் உறங்கியவர்களில் எத்தனை பேரைக் கணக்கெடுப்பாளர் தேடிப்பிடித்தார் என்பது வேறு கதை. தமிழக முதலமைச்சர் காப்பீட்டுக்கோ குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். முகவரி இல்லாதவருக்கு இரண்டுமே எட்டாக்கனிதான்.

காப்பீட்டு அட்டை கையில் இருந்தாலும், அது முதன்மையாக உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றுவதற்கு அது உதவாது. அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றுவது இலவசம் என்றாலும், வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், விட்டுச்செல்லும் மூட்டைக்கும் காவல் இருக்காது. ஆகவே, பலர் புண் அழுகிய பின்னரே 108 வண்டியில் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள்.