பேச்சுச் சிகிச்சை படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

எஸ்.டி.பி.எம். எனும் ஆறாம் படிவத் தேர்வை முடித்த மகள் மருத்துவத்தை மறுத்துவிட்டுப் பேச்சுச் சிகிச்சைதான் படிப்பேன் என்கிறாள் என்று, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து நீங்கள் கண்கலங்கியபோது முதலில் ஆறுதல்தான் சொன்னேன். கணவரின் சேமநிதியை எடுத்து, பற்றாததற்கு வீட்டையும் அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் மருத்துவம் சேர்க்கச் சொன்னவர் உங்கள் கொழுந்தனார் என்று தெரிந்தபின் அதை நிறுத்திக்கொண்டேன். அந்தக் கடனை அடைக்கப்போகிறவரும் அவரல்லர், ஐந்தாண்டு படிக்கப்போகிறவரும் அவரல்லர். இதற்கு நான் உடன்படமாட்டேன்.

“திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேச்சுச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா?” என்று அவர் கேட்டாராம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும், கிளந்தானின் குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்திலும் இது நான்காண்டுப் பட்டப்படிப்பு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்கு உட்பட்ட தொழில்.

அவர் ஏளனம் செய்யும் அந்தத் திரைவழிச் சிகிச்சைதான், அதாவது காணொளி அழைப்பில் நோயாளியைப் பார்ப்பதுதான், இதில் கடினமான பகுதி. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோரையும் பேச்சுச் சிகிச்சையாளர்தான் கவனிப்பார். அப்படிப்பட்ட முதியவருக்கு, உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே வராமல் போவதுண்டு. கேமராவில் அது தெரியாது. ஐயம் எழுந்தவுடன், கட்டணம் போனாலும் போகட்டும் என்று நிறுத்திவிட்டு, ஈப்போ மருத்துவமனைக்கு நேரில் அழைத்துச் செல்லுமாறு சொல்வதே தொழில்நெறி. இணைப்பு மந்தமானால் ‘ஸ’ போன்ற உரசொலிகள் தேய்ந்துவிடும் என்பதால், பிழை குழந்தையின் நாவிலா தொலைபேசியிலா என்று உறுதிப்படாமல் அறிக்கை எழுதக் கூடாது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையை மலாய், ஆங்கிலச் சோதனைகளால் அளந்து குறையுள்ளது என்று முத்திரை குத்துவதும் நெறியன்று. செவித்திறன் பிரிவிலும் இதே நிலைதான்: காது கேட்கும் கருவி தரும் ஒலியைச் செவித்துளைக்குள் மெல்லிய குழாய் வைத்து அளக்க வேண்டுமானால் நோயாளி எதிரில் இருந்தாக வேண்டும். தோட்டத்து வீடுகளில் சுவருக்கு அப்பால் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தொடக்கத்திலேயே விசாரிக்க வேண்டும். பதிவு செய்வதற்குத் தனியே ஒப்புதல் பெற வேண்டும்.

உங்கள் மகள் என்னிடம் தனியே சொன்ன ஒன்றை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். உங்கள் மாமனார் பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தடுமாறியதை யாரோ படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டபோது, “தாத்தாவைக் கேட்டீர்களா?” என்று அவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். படம்பிடித்தவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் இப்படிப்பையே முதல் தேர்வாக அவள் எழுதட்டும். அடுத்த சந்திப்புக்கு அவளையும் அவள் தந்தையையும் அழைத்து வாருங்கள், கொழுந்தனார் வரவேண்டியதில்லை.