பட்டவர்கள் பேசவில்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாமஸ் பர்கன்தாலைப் பற்றி ஓர் உரை கேட்டேன். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் உயிர்பிழைத்த சிறுவன் பிற்பாடு சர்வதேச நீதிமன்ற நீதிபதி! நான் இருப்பது மயூர் விஹார். பக்கத்திலேயே திரிலோக்புரி. 1984இல் அங்கே நடந்த சீக்கியர் படுகொலையைக் கண்ணால் பார்த்த ஒரு சர்தார்ஜியின் கடையில்தான் ஸ்விட்ச், பல்பு வாங்குகிறேன். அதைப் பற்றி மனிதர் வாயே திறப்பதில்லை. ஒருவரைப் போராளியாக்கும் அடி இன்னொருவரை ஏன் ஊமையாக்குகிறது? நானாக அவரிடம் கேட்கலாமா?

சு., தில்லி

அன்புள்ள சு.,

அடி யாரையும் போராளியாக்குவதில்லை. ஆக்குமென்றால் உலகத்தில் போராளிகளுக்குப் பஞ்சமே வந்திருக்காது. 1944இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனபோது பர்கன்தாலுக்குப் பத்து வயது. அடுத்த ஜனவரியில் பனியில் நடத்தியே ஓட்டிப்போனதில் இரண்டு கால்விரல்கள் போயின. அப்பா புக்கன்வால்ட் முகாமில் இறந்தார். பிழைத்த அம்மா, மகனைத் தேடித் தேடி, 1946 டிசம்பரில்தான் திரும்பப் பார்த்தார். அவனுக்கு அம்மா கிடைத்தாள், பள்ளிக்கூடம் கிடைத்தது, 1951இல் அமெரிக்கா, அப்புறம் சட்டப் படிப்பு. இவையெல்லாம் வாய்க்காத எத்தனையோ பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

1981இல் ஹோண்டுராஸில் மான்ஃப்ரெடோ வெலாஸ்கெஸ் என்ற மாணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்களிடம் இல்லை என்று கைவிரித்தது அரசு. உடலும் இல்லை, காகிதமும் இல்லை. வழக்கு நடக்கும்போதே சாட்சி சொன்ன ஒருவரைச் சுட்டுக்கொன்றார்கள். 1988இல் அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம், அரசுதான் பொறுப்பு என்றது. ஆள் என்ன ஆனார் என்று தெரியும்வரை விசாரிக்கும் கடமை அரசுக்குத் தீராது என்றும் சொன்னது. அந்த அமர்வில் பர்கன்தாலும் ஒருவர். இலங்கையின் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்த தாய்மாருக்கு இந்த வரியின் எடை தெரியும்.

‘ஊமை’ என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. தில்லியின் பாலம் பகுதி ராஜ் நகரில் அதே 1984இல் கணவரையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண், அந்தப் படுகொலையை விசாரித்த மிஸ்ரா கமிஷனில் 1985இல் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பிறகு நானாவதி கமிஷன், சிபிஐ, விசாரணை நீதிமன்றம். 2013இல், குற்றம்சாட்டப்பட்ட காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமார் விடுதலை. 2018 டிசம்பர் 17 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அதைப் புரட்டி ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த அம்மாளுக்கு மனித உரிமைப் போராளி என்று யாரும் விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்கவில்லை.

தீர்ப்பு சொன்ன இருவரில் ஒருவர் எஸ். முரளிதர், நம் சென்னையில் வக்கீலாகத் தொடங்கியவர். இனப்படுகொலைக்கு நம் குற்றவியல் சட்டத்தில் இடமே இல்லை, அந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. இனப்படுகொலைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1959இலேயே ஏற்றாயிற்று. 2023இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா எழுதியபோதும் சேர்க்கவில்லை. யாருக்கு வாய் இல்லை, சொல்லுங்கள்?

கடைக்காரரிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். எத்தனை பேரிடம் சொல்லி அலுத்தவரோ. தீர்ப்பும் நானாவதி அறிக்கையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படித்து வையுங்கள். ஒருநாள் அவராகப் பேச்செடுத்து ‘பத்தீஸ் நம்பர் பிளாக்’ (திரிலோக்புரியின் 32ஆம் பிளாக்) என்றால், அது எது என்று நீங்கள் கேட்க வேண்டியிராது.