பொசுபரசு யாரோடு ஒட்டும், ஏன் ஒட்டும்: கேள்வி பதில்

கிளிநொச்சிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். பொசுபரசின் பிணைப்புகளைப் பற்றிக் கேளுங்கோ என்றேன், வந்து குவிந்துவிட்டன. நெல் மூட்டையில் பூச்சிக்கு வைக்கிற குளிசையைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் இடையில் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மல்லாவி, மாணவி: சேர், ஆவர்த்தன அட்டவணையில் நைதரசனும் பொசுபரசும் ஒரே கூட்டம். ஒன்று சும்மா காற்றாகத் திரியுது, மற்றதை ஏன் தண்ணிக்குள்ள வைக்கிறம்?

பிள்ளை, கணக்கைப் பாரும். நைதரசனின் மும்மைப் பிணைப்பு ஒன்று மூலுக்கு 945 கிலோயூல். ஒற்றைப் பிணைப்பு மூன்றைக் கூட்டினாலும் 480 அளவுதான். ஆகவே இரண்டு அணுவும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துவிட்டு வேறொருவரையும் திரும்பிப் பார்க்காது. பொசுபரசுக்கு மும்மை 490, ஒற்றை மூன்று சேர்ந்தால் 600. அணு பெரிது, பக்கவாட்டில் பி ஒழுக்குகள் (இலத்திரன் உலாவுகிற இடங்கள்) சரியாகப் பொருந்தாது. அதனால் ஒற்றைப் பிணைப்புத்தான் இலாபம். நாலு அணு கூடி நான்முகியாகிறது, அதுதான் வெள்ளைப் பொசுபரசு. ஆனால் ஒவ்வொரு மூலையிலும் கோணம் 60 பாகை, சரியான நெருக்கம். காற்றுப் பட்டால் 30 பாகை செல்சியசை ஒட்டியே பற்றிக்கொள்ளும். எங்கட மத்தியான வெயில் அதைவிடக் கூட. சிவப்புப் பொசுபரசில் அந்தக் கூடு திறந்து சங்கிலியாகக் கோத்திருக்கும். அதுதான் நெருப்புப்பெட்டியின் பக்கத்தில் சாதுவாக இருக்குது.

ஒன்றைக் குறித்து வையும்: அந்தத் தீயின் சூட்டில் பெரும்பங்கு, ஒட்சிசனோடு புதிதாகக் கட்டுகிற பிணைப்பிலிருந்து வருவது. பின்னுக்கு இது தேவைப்படும்.

முத்தையன்கட்டு, விவசாயி: அண்ணை, ரி.எஸ்.பி எண்ட பொசுபேற்றுப் பசளை போட்டும் பயிர் தேறேல்ல. எப்பாவலைக் கல்லுத்தூள் மலிவு எண்டுறாங்கள், போடட்டோ?

தம்பி, யூரியா கழுவுப்பட்டு ஓடும். பொசுபேற்று நேர்மாறு, விழுந்த இடத்திலேயே குந்திவிடும். செம்மண்ணில் இரும்பு. பொசுபேற்றின் ஒட்சிசன் அந்த இரும்பைப் பிடித்தால் லேசில் விடாது. வேர்தான் அதைத் தேடிப் போகவேண்டும். அதனால்தான் அதை அடிக்கட்டுப் பசளையாக மண்ணோடு கலக்கச் சொல்லுறது. பயிர் மஞ்சளடித்த பிறகு மேலால் எறிந்தால் காசுதான் போகும். வயலில் தண்ணி நிற்கும்போது இரும்பு தன் நிலை மாறிக் கரைய, பிடிபட்டிருந்த பொசுபேற்றில் கொஞ்சம் அவிழும். நெல்லுக்கு அது ஒரு அதிர்ஷ்டம். மேட்டுப்பயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எப்பாவலைக் கல் அபத்தைற்று. கல்சியமும் பொசுபேற்றும் இறுகிய பளிங்கு, தண்ணியில் கரையவே கரையாது எண்ட மாதிரித்தான். புளிப்பான மண்ணில் வருசக்கணக்காக நிற்கிற தேயிலை, தென்னைக்குச் சரி. மூன்று, நாலு மாதத்தில் அறுக்கிற நெல் அதைக் காத்திருந்து சாப்பிடாது. அந்தக் கல்லை அமிலம் விட்டு உடைத்தால் வருவதுதான் ரி.எஸ்.பி. முதலில் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதியும். குறை வேறெங்கோ இருக்கலாம்.

துணுக்காய், மாணவன்: ஐங்குளோரைட்டு பொசுபரசுக்கு இருக்கு, நைதரசனுக்கு ஏன் இல்லை? டி ஒழுக்கு எண்டு எழுதலாமோ?

பரீட்சையில் எழுதும். மனதில் வையாதையும். புதிய கணிப்புகளில் டி ஒழுக்கின் பங்கு மிகச் சிறிது. நைதரசன் சின்ன அணு, ஐந்து குளோரினைச் சுற்றி இருத்த இடமில்லை. அதுதான் பெரிய காரணம்.

பூநகரி: பொசுபரசமிலத்தில் (H3PO3) ஐதரசன் மூன்று. ஏன் இருமூல அமிலம்?

ஒரு ஐதரசன் நேரே பொசுபரசில் ஒட்டியிருக்கு. அது கழராது. ஒட்சிசனில் தொங்குகிற இரண்டும்தான் கழரும்.

ஒட்டுசுட்டான்: காணி துப்பரவாக்கேக்க வெள்ளைப் பொசுபரசு கிடந்தால் எப்படி அடையாளம் காணுறது?

காணவேண்டாம். தெரியாத எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிற ஆட்களுக்கோ சொல்லுங்கோ.

இப்ப குளிசை. அலுமினியம் பொசுபைட்டு ஈரக்காற்றுப் பட்டாலே பொசுபீனை விடும். அமோனியா மாதிரி மூக்கைக் குத்தி எச்சரிக்காது. சுத்தமான பொசுபீனுக்கு மணமே இல்லை. வருகிற உள்ளி மணம் அழுக்கினால் வருவது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. நெல் மூட்டை இருக்கிற வீட்டில் குளிசை வைத்துவிட்டு அங்கேயே படுக்காதையுங்கோ.

வவுனியா, உயிரியல் ஆசிரியை: கலங்களுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.ரீ.பி.யின் கடைசிப் பொசுபேற்றுப் பிணைப்பு உடைந்தால் சக்தி வெளிவரும் என்று படிப்பிக்கிறோம். உங்களிடம் படித்த பிள்ளை வந்து என்னோடு தர்க்கப்படுகிறான்.

பிள்ளை சரி, டீச்சர். எந்தப் பிணைப்பை உடைக்கவும் செலவுதான். நீர் சேரும்போது ஒன்று உடைகிறது, முன்னே தீயில் சொன்னதுபோலப் புதியவை கட்டுப்படுகின்றன. மறை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளிய நெருக்கமும் தீருகிறது. வரவு செலவு பார்த்த மிச்சம்தான் மூலுக்கு 30.5 கிலோயூல்.

அதே ஆசிரியை: அப்ப ‘உயர்சக்திப் பிணைப்பு’ என்ற சொல் பொய்யா?

பொய்யில்லை, ஆளைக் குழப்புகிற சொல். 1941இல் உயிரிரசாயனவியலாளர் லிப்மன் பிணைப்புக்கு நெளிகோடு போட்டுக் காட்டியது, அந்தப் பொசுபேற்றுக் கூட்டத்தை இன்னொன்றுக்குக் கைமாற்றினால் கிடைக்கிற சக்தியை. கோட்டுக்குள் சக்தி பூட்டியிருக்கு என்று பிறகு வாசித்தது நாங்கள்.

நெடுங்கேணி: டீச்சர் சொல்லுறதுதான் சரி. கட்டின மாட்டை அவிழ்த்துவிட்டால் ஓடுதுதானே!

ஓடுறது புல்லுக்கு, ஐயா. கயிற்றை அறுக்க உங்களுக்குத்தான் கை நோகும்.

அதே ஆசிரியை: மாட்டை விடுங்கோ. வினாத்தாளில் நான் எதை எழுதச் சொல்ல?

‘நீர்ப்பகுப்பின்போது சக்தி வெளிவிடப்படும்’ என்று. உங்களுக்கும் பிழையில்லை, எனக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

கனகராயன்குளம்: சேர், பொசுபரசமிலம் ஏன் இருமூலம்?

பூநகரிக்காரருக்குச் சொன்னதை வாசியும்.

முழங்காவில்: பொசுபரசமிலத்தில் மூன்று ஐதரசன் இருந்தும்...

தம்பி, பூநகரி. பக்கத்து ஊர்தானே.