பதில்: மாலை வகுப்பில் சுண்டலைத் தொடாத பிள்ளைகள்

அம்பாசமுத்திரம் பக்கம் மாலை வகுப்பு நடத்துவதாகவும், 22 பிள்ளைகளில் பாதிப் பேர் ஐந்து ரூபாய் கார பாக்கெட்டோடு வந்து சுண்டலைத் தொடுவதே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பாக்கெட்டைப் பிடுங்க வேண்டாம். களக்காட்டில் நான் அதைச் செய்து பார்த்தேன். பிள்ளைகள் வாசலிலேயே தின்று முடித்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். மதியம் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கு ஐந்து மணிக்கு நல்ல பசி இருக்கும். பாடம் முடியும்வரை அது காத்திருக்காது, அதனால் வந்ததும் கொடுத்துவிடுங்கள். 22 பேருக்கு முக்கால் கிலோ சிறுபயறு தாராளம். காலையில் ஊறப்போட்டால் சாயங்காலம் அவித்துவிடலாம். தாளிப்பை அவர்கள் கண்முன் செய்யுங்கள். தேங்காயைப் பெரிய பிள்ளைகள் துருவட்டும். தன் கை பட்டதை ஒதுக்கும் பிள்ளை ரொம்ப அபூர்வம்.

புதுச் சுவை பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாம். ஒரு கரண்டி மட்டும் வைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். "தின்னு, தின்னு" என்று விரட்டினால் வெறுப்புதான் வரும்.

அப்புறம், தை மாதம் பனங்கிழங்கு! மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துக் கொடுங்கள், நார் உரித்து நடுக்குருத்துக்குப் போட்டி போடுவார்கள். மற்ற நாளில் ஏத்தம்பழம், அவித்த நிலக்கடலை. (கடலை யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.)

கருப்பட்டி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ம ஊர்ப் பொருள்தான், ஆனாலும் அதுவும் இனிப்புதானே. உளுந்தங்களிக்குக் கொஞ்சமாகப் போடுங்கள், போதும்.