கேமராப் பையில் என்ன இருக்க வேண்டும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆவணப்படம் எடுப்பவன் நான். மூன்று லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். எந்தக் கேமரா வாங்கலாம்? (மதுரை)

மூன்று லட்சத்தையும் கேமராவிலேயே போட்டுவிட்டால், மறுநாள் அதை எதன்மேல் நிறுத்துவீர்கள்? கேமராவுக்கும் லென்ஸுக்கும் பாதித் தொகைக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. மீதி ஒலிக்கும் டிரைபாடுக்கும் பேட்டரிக்கும். தொகைக்குள் அடங்க, பழைய கேமரா வாங்கத் தயங்க வேண்டாம். ஐந்து வயதுக் கேமராவில் எடுத்தது என்று எந்தப் பார்வையாளரும் பாதியில் எழுந்துபோனதில்லை.

வாங்கும் இடத்திலேயே இரண்டு சோதனைகள் செய்யுங்கள். நண்பகல் வெயிலில் வைத்து, அதன் உச்சத் தரத்தில் அரை மணி நேரம் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். சூடாகி அணைந்துவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, மானிட்டருக்குப் படம் அனுப்பும் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். மானிட்டரில் படம் விட்டுவிட்டு வந்தால் அந்தத் துளை ஏற்கெனவே ஆடிப்போயிருக்கிறது. பல கேமராக்களில் இருக்கும் மைக்ரோ எச்டிஎம்ஐ துளை, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஒரு கோயில் திருவிழாவில் ஓடி வந்த சிறுவனின் கால் என் மானிட்டர் கேபிளில் மாட்டியது. கேமரா தப்பியது, துளை தப்பவில்லை. முழு அளவு எச்டிஎம்ஐயும் உள்ளே மின்விசிறியும் இல்லாத கேமராவை அதற்குப் பிறகு நான் தொழிலுக்கு வாங்கியதில்லை. 2022இல் வந்த சோனி எஃப்எக்ஸ்30இல் இரண்டும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த எஃப்எக்ஸ்3இலும் உண்டு, விலைதான் ஏறும்.

முதலில் கிம்பல் (நடந்தபடி எடுத்தாலும் படம் ஆடாமல் தாங்கும் கைப்பிடி) வாங்கலாமா, டிரைபாட் வாங்கலாமா? (சேலம்)

டிரைபாட். கேமரா உட்காரும் தலையைத் தனியே கழற்றக்கூடிய, அந்தத் தலை பொருந்தும் 75 மில்லிமீட்டர் கிண்ணம் கொண்டதாகப் பாருங்கள். வரப்பில் நின்றுகொண்டு மூன்று கால்களையும் மாறி மாறி நீட்டிக் குறைக்க வேண்டியதில்லை. கிண்ணத்துக்கு அடியிலுள்ள பிடியைத் தளர்த்தி, நீர்மட்டக் குமிழியை நடுவில் நிறுத்தி இறுக்கினால் முடிந்தது. எனக்கு மூன்று கேமராக்கள் மாறிவிட்டன, கால்கள் அதே பழைய கால்கள்தாம். டிரைபாடின் கால்களைச் சொல்கிறேன்.

நீளக் குழாய் போன்ற ஷாட்கன் மைக் வாங்கினேன். வீட்டுக்குள் பேட்டி எடுத்தால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. இன்னும் விலை கூடிய மைக் வாங்க வேண்டுமா? (கரூர்)

வேண்டாம். மைக்கைக் கேமராவின் தலையில் பொருத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். இரண்டு மீட்டரில் இருக்கும் மைக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். எந்த விலை உயர்ந்த மைக்கும் இதைத் தராது. ஒரு ஸ்டாண்டும் கம்பும் வாங்கி, சட்டகத்துக்குச் சற்று மேலே, வாயை நோக்கிச் சாய்த்துத் தொங்கவிடுங்கள்.

ஷாட்கன் மைக்கின் குழாயில் பக்கவாட்டு வெட்டுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலிருந்து வரும் ஒலி வெவ்வேறு வெட்டுகளில் வெவ்வேறு நேரத்தில் நுழைந்து ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளும். திறந்தவெளியில் இது நன்றாகவே வேலை செய்கிறது. மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையிலோ பேசுபவரின் குரலே எல்லாத் திசையிலிருந்தும் திரும்பி வருவதால் குழாய் திணறுகிறது. உள்ளே வேலை அதிகமென்றால் முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் எடுக்கும், குழாயில்லாத சிறிய ஹைப்பர்கார்டியாய்டு மைக் பொருத்தம். அதுவரை தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள், எதிர்ச்சுவரில் இன்னொன்றைத் தொங்கவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்த எல்லோருக்கும் நினைவிருக்கும், குளிர்பதனப் பெட்டியை மறந்துவிடுவார்கள். அதை நிறுத்தினால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். மீண்டும் போடாமல் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. ஒலிப்பதிவாளர்களிடையே பழைய தந்திரம் இது. வீட்டுக்காரரின் பால் கெடாமல் காப்பாற்றும்.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருந்தால் ஒலி அளவைக் கவனிக்கவே வேண்டாமாமே? (சென்னை)

பாதி உண்மை. மிகச் சிறிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒரே பதிவில் அடக்கும் முறைதான் 32 பிட் ஃப்ளோட். அது உள்ள ஜூம் எஃப்3 போன்ற ரெக்கார்டரில், யாராவது திடீரெனக் கத்தினாலும் ரெக்கார்டர் அளவில் ஒலி உடையாது, பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மைக்கிலேயே, அல்லது வயர்லெஸ் கருவியிலேயே உடைந்துவிட்ட ஒலியை அது அப்படியே உண்மையாகப் பதிவு செய்து வைக்கும். சட்டையில் மைக் உரசும் சத்தத்தையும்தான். ஹெட்போனைக் கழற்றாதீர்கள்.

மெமரி கார்டில் வி30, வி60 என்று போட்டிருக்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். எது போதும்? (திருச்சி)

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் இடைவிடாமல் எழுதும் என்று பொருள், வி60 என்றால் 60. கேமரா தன் வேகத்தை மெகாபிட்டில் சொல்லும், அதை எட்டால் வகுக்க வேண்டும். 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட், அங்கே வி60 தேவை. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 400 மெகாபிட்டில் 128 ஜிபி கார்டு நாற்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் தாங்கும். ஒரு நாள் முழுவதையும் ஒரே பெரிய கார்டில் வைப்பதைவிட அப்படி நான்கு கார்டுகள் மேல். புதுக் கார்டை ஒருமுறை முழுவதும் நிரப்பி, திரும்ப ஓட்டிப் பார்க்காமல் வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். போலிகள் அதிகம்.

கேமராவோடு மாட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரிகளை விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா? (கோவை)

கைப்பையில் விடுவார்கள். சரக்காக ஏற்றும் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரியை வைக்கவே கூடாது. 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டே உதிரிகள். அதற்கு மேலே கிடையாது. கடையில் 98, 99 என்று விற்பதன் காரணம் இதுதான். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்குங்கள்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர் மணி என்றால் 98 வாட் மணி. 100க்குள் இருப்பவற்றிலும் எத்தனை எடுத்துப் போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் ஒருமுறை மாட்டியது வாட் மணியால் அல்ல, வியர்வையால். கைபட்டுக் கைபட்டு லேபிள் அழிந்துபோயிருந்த ஒரு பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எண் தெரியவில்லை, பேட்டரி அங்கேயே தங்கிவிட்டது. இப்போது லேபிளின் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுகிறேன். முனைகளையும் டேப்பால் மூடுங்கள்.

திருமண மண்டபத்தில் விளக்குகள் மினுங்குகின்றன. கேமரா பழுதா? (யாழ்ப்பாணம்)

இல்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மலிவான எல்இடியின் மங்கலாக்கும் சுற்றுதான் காரணமாக இருக்கும். வெளிச்சத்தை முழுதாகக் கூட்டச் சொல்லுங்கள்.

லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. (தூத்துக்குடி)

பூஞ்சை. ஈரக்காற்றும் இருட்டும் தோல் பையும் சேர்ந்தால் அதற்கு விருந்து. அதிகம் பரவுமுன் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மற்ற லென்ஸ்களை இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரோடும் வையுங்கள். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். ஈரம் குடித்து நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கினால் மீண்டும் பயன்படும், ஆனால் வீட்டு வாணலியில் வறுக்காதீர்கள். நீல மணிகளின் நிறம் கோபால்ட் உப்பால் வருவது, அது நஞ்சு. விடுதியின் குளிர் அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குப் போனால் கண்ணாடியில் நீர் கோக்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள்.

விலை குறைந்த, ஆனால் இல்லாவிட்டால் கையைப் பிசைய வைக்கும் பொருள்கள் எவை? (புதுச்சேரி)

கேஃபர் டேப், பசை விடாத துணி டேப்பாக. கால் அங்குலத் திருகும் 3/8 அங்குலத் திருகும் இரண்டிரண்டு. ஆலன் சாவிக் கொத்து. தலையில் கட்டும் டார்ச். பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயம், கேமராவின் அடித்தட்டுத் திருகை இறுக்க. டீக்குச் செலவாகிவிடாமல் இருக்க, என்னுடையதை டிரைபாட் காலில் டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.