செக்கிழுத்ததும் தீவாந்தரம்தான்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வ.உ.சி.க்கு விதித்தது தீவாந்தர தண்டனை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர் ஏன் அந்தமான் போகவில்லை? கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்றுதானே படித்திருக்கிறோம்? லாலா லஜபதி ராயை மண்டலேவுக்கு நாடுகடத்தியதும் இதே தண்டனைதானா?

செ.மு., கோவில்பட்டி

அன்புள்ள செ.மு.,

தீவாந்தரம் என்றால் கைதியைக் கடல் கடந்து அனுப்பும் தண்டனை. அந்தப் பெயரை எழுதியவர் நீதிபதி. எந்த ஊரில் கழிப்பது என்று முடிவு செய்தது அரசாங்கம். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ராஜநிந்தனைக்கான (அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் குற்றத்துக்கான) 124-ஏ பிரிவை அன்றைய வடிவில் எடுத்துப் பாருங்கள். ஒன்று, 3 ஆண்டுவரை சிறை. அல்லது ஆயுளுக்கோ அதற்குக் குறைந்த காலத்துக்கோ தீவாந்தரம். இடையில் எதுவும் கிடையாது. 3 ஆண்டுக்கு மேல் உள்ளே வைக்க நீதிபதி நினைத்துவிட்டால் தீவாந்தரம் என்றுதான் எழுதியாக வேண்டும். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு எழுதியது இரட்டை ஆயுள். ஆயுளுக்கு 20 என்ற கணக்கில்தான் 40 ஆண்டு வந்தது. அதே மாதம் பம்பாயில் திலகருக்கு 6 ஆண்டு. இரண்டுமே தீவாந்தரம்தான்.

அடுத்து அதே சட்டத்தின் அன்றைய 58-ஆம் பிரிவு. தீவாந்தரம் விதிக்கப்பட்டவரைக் கப்பலேற்றும்வரை கடுங்காவல் கைதியாகவே நடத்த வேண்டும். அந்த நாட்களும் தண்டனையில் கழியும். கோவைச் செக்குக்குச் சட்டத்தில் இடம் இதுதான். கப்பல் வரவே இல்லை என்றாலும் தண்டனை நடந்துகொண்டேதான் இருக்கும். மேல்முறையீட்டில் காலம் வெகுவாகக் குறைந்து, கோவையிலும் கண்ணூரிலுமே கழித்துவிட்டு 1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார்.

திலகர் பர்மாவிலுள்ள மண்டலே போனார். ஆனால் அரசு அதை வெறுங்காவலாக மாற்றிவிட்டது. அங்கே உட்கார்ந்து பென்சிலால் ஒரு பெரிய நூலையே எழுதி முடித்தார். தீர்ப்பில் ஒரே சொல்; ஒருவருக்குச் செக்கு, இன்னொருவருக்குப் பென்சில். (மண்டலே தீவும் அல்ல, கடற்கரையும் அல்ல. 'தீவாந்தரம்' என்ற பெயரில்தான் தீவு இருக்கிறது.)

அந்தமானுக்கே போனவர்களின் நிலை வேறு. செல்லுலார் சிறையில் எண்ணெய் ஆட்டும் கைதிக்கு நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காயெண்ணெய் கணக்கு. கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிலோ. குறைந்தால் கையை உயரத்தில் விலங்கிட்டு நிற்கவைப்பார்கள், அல்லது காலில் கம்பி விலங்கு. சாவர்க்கரின் கைதி வில்லையில் விடுதலை ஆண்டு 1960 என்று இருந்தது. அங்கே ஓர் ஆயுளுக்கு 25 ஆண்டுக் கணக்கு; அவருக்கு விதித்த இரண்டு ஆயுளுக்கு 50. வ.உ.சி.யின் 40-ஐயும் இந்த 50-ஐயும் பக்கத்தில் வைத்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

லஜபதி ராய் விஷயம் தண்டனையே அல்ல. 1907-இல் அவரையும் அஜித் சிங்கையும் அனுப்பியது 1818-ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குவிதி 3-இன் கீழ். குற்றச்சாட்டு, விசாரணை, காலக்கெடு எதுவும் கிடையாது. காவல் அதிகாரி மட்டும் ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் கைதியின் நடத்தை, உடல்நலம், வசதி பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும். கொடுக்கும் படித்தொகை கைதிக்கும் குடும்பத்துக்கும் போதுமா என்றும் சொல்ல வேண்டும். ஏன் பிடித்தீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கத்தான் வழியில்லை. நவம்பரில், பிடித்த மாதிரியே, விட்டுவிட்டார்கள்.

ஆகவே லஜபதி ராய்க்கு 'நாடுகடத்தல்', வ.உ.சி.க்கும் திலகருக்கும் 'தீவாந்தரம்'. என் கட்டுரையில் 'நாடுகடத்தப்பட்ட திலகர்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அது என் பிழை, திருத்திவிட்டேன்.