கடை மூடும்போது தொலையும் பில்கள்

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். பிரிண்டர், ஸ்டாக், எஸ்.எம்.எஸ். எல்லாம் தனித்தனி பிளக்இன் (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைப் பகுதி). எது முன்னால் தொடங்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறேன். காலையில் சரியாக வருகிறது. இரவு மூடும்போது மட்டும் கடைசி ஒன்றிரண்டு பில் ஸ்டாக்கில் கழிவதில்லை. ஏன்?
- வாசகர், ஈரோடு

பதில்: மூடும்போதும் அதே எண் வரிசையில்தான் நிறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வந்த டேட்டாபேஸ் முதலிலேயே போய்விடுகிறது. ஸ்டாக் பிளக்இன் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எழுத இடமில்லாமல் நிற்கிறது. வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஜாவா மொழியில் மென்பொருள் எழுத உதவும் ஸ்பிரிங் என்ற கட்டமைப்பிலும் இப்படித்தான்: சிறிய ஃபேஸ் எண் (வரிசை எண்) உள்ளது முதலில் தொடங்கும், கடைசியில் நிற்கும்.

இதை இன்றைக்கே செய்துவிடலாம். அப்புறம், அந்த எண்களையே விட்டுவிட்டு, தனக்கு முன்னால் எது வேண்டும் என்று ஒவ்வொரு பிளக்இன்னையும் சொல்ல வையுங்கள் என்பேன். லாரி புக்கிங் மென்பொருள் ஒன்றில் நாங்களும் 10, 20, 30 என்று இடைவெளி விட்டுத்தான் ஆரம்பித்தோம். பிறகு 15 வந்தது, 12 வந்தது, 13 வந்தது. 13 ஏன் 12-க்குப் பின்னால் என்று கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை; எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

லினக்ஸும் இதில் பட்டிருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் பழைய சிஸ்டம் ஃபைவ் முறையில் எஸ்20 (தொடங்க), கே80 (நிறுத்த) என்று கோப்பின் பெயரிலேயே எண் இருக்கும். 2011-இல் வந்த டெபியன் 6 என்ற லினக்ஸ் பதிப்பு, 'எனக்கு முன்னால் எது வேண்டும்' என்று ஒவ்வொரு சேவையும் சொல்லி, அதிலிருந்து வரிசை போடும் முறைக்கு மாறியது. லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் புதிய முறையான சிஸ்டம்டியில் 'ஆஃப்டர்' (இதற்குப் பின்) என்று எழுதினால், மூடும் வரிசை தானாகவே தலைகீழாகும். ஆனால் 'ஆஃப்டர்' வரிசையை மட்டுமே சொல்கிறது. முன்னால் வரும் சேவை கட்டாயம் வேண்டும் என்றால் 'ரிக்வயர்ஸ்' (இது தேவை) என்று தனியாக எழுத வேண்டும். உங்கள் பிளக்இன்களிலும் இந்த இரண்டைக் கலக்காதீர்கள். எஸ்.எம்.எஸ். வாங்காத கடையிலும் பில் போட முடிய வேண்டுமே!

ஒரு பிளக்இன் இன்னொன்றை நம்பி, அந்த இன்னொன்றும் இதையே நம்பினால், இரண்டின் பெயரையும் சொல்லி மென்பொருள் தொடங்கவே மறுக்கட்டும். நான்காவது பிளக்இன் தொடங்காமல் போனால், அதற்கு முன் வந்த மூன்றையும் பின்னாலிருந்து நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் நிற்க எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அவகாசமும் வையுங்கள். சிஸ்டம்டி வழக்கமாகத் தருவது 90 விநாடி. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் நீங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்லை.

ஒவ்வொன்றும் எப்போது நின்றது என்று லாக்கில் (நடந்ததைப் பதிவு செய்யும் கோப்பில்) ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த லாக் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்கி, கடைசியில் நிற்கட்டும்.